புழை எந்தப் பக்கம் பார்க்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் என்று ஒரு வட்டாரம். பால்மாடும் ஆப்பிள் தோப்புமாக இருக்கிற நாட்டுப்புறம். வேலை நிமித்தமாக அங்கே குடியேறிய புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வயலோரமாக நடந்துகொண்டிருந்தேன். முட்புதருக்குள் பாதி புதைந்தாற்போல ஆறு பக்கம் கொண்ட ஒரு கான்கிரீட் அறை. நெஞ்சளவு உயரத்தில் சின்னச் சின்னத் துளைகள். நம் ஊர்க்காரனுக்கு என்ன தோன்றும்? பம்ப்செட் ரூம் என்றுதான் நானும் நினைத்தேன். முக்கால்வாசி நாள் மழை பெய்கிற ஊரில் இவர்களுக்கு எதற்குப் பம்ப்செட் என்ற கேள்வி வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

ஜெர்மானியப் படை வந்து இறங்கினால் மறித்துச் சுடுவதற்காக 1940-இல் கட்டிய காவலறை அது. பில்பாக்ஸ் என்பார்கள். மாத்திரை டப்பா என்று அர்த்தம். முதல் உலகப் போரில் வீரர்கள் வைத்த பட்டப்பெயர். அன்று பிடித்த பித்து பன்னிரண்டு வருடமாக விடவில்லை. தொழிலில் நான் சிவில் இன்ஜினியர், சரித்திரம் முறையாகப் படித்தவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1940 ஜூன் 4-க்குள் டன்கர்க் கடற்கரையிலிருந்து சுமார் 3,38,000 வீரர்களைக் கப்பலிலும் படகிலும் ஏற்றி மீட்டார்கள். ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பீரங்கி, டாங்கி, லாரி எல்லாம் பிரான்சிலேயே போயிற்று. மே 27 அன்று உள்நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றிருந்தவர் ஜெனரல் எட்மண்ட் அயர்ன்சைட். வேகமாக ஓடிப் போய்ச் சண்டை போட வண்டி இல்லாதவர் என்ன செய்வார்? நிலத்தைத் துணைக்கு அழைத்தார். கடற்கரையில் ஒரு மேலோடு. உள்நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்புக் கோடுகள். ஆறு, கால்வாய், ரயில்பாதையின் கரைமேடு என்று டாங்கியால் எளிதில் தாண்ட முடியாத எதுவும் கோட்டில் சேரும். இயற்கை கைவிட்ட இடத்தில் அகழி வெட்டினார்கள், ஆளுயரக் கான்கிரீட் கட்டைகளை நட்டார்கள். பாலங்களில் வெடி வைக்க ஏற்பாடு. இவற்றையெல்லாம் காவல் காக்கத்தான் பில்பாக்ஸ். போர்க்காலத்தில் பிரிட்டன் முழுக்க ஏறக்குறைய 28,000 கட்டியதாகக் கணக்கு. மிஞ்சியிருப்பவை 6,500 அளவில்.

சரி, ஒரு பில்பாக்ஸைப் பார்த்ததும் நான் என்ன கேட்பேன்? எப்போது கட்டியது, யார் கட்டியது என்பதெல்லாம் அப்புறம். புழை எந்தப் பக்கம் பார்க்கிறது? அதுதான் முதல் கேள்வி. மதிலில் அம்பு எய்ய விடும் துளைக்கு நம் பழந்தமிழில் ஏப்புழை என்று ஒரு சொல் உண்டு. அம்பு போய்த் துப்பாக்கி வந்துவிட்டது, துளை அதேதான். நான் புழை என்றே சொல்கிறேன்.

லண்டனில் போர் அலுவலகத்தின் கோட்டைப் பணிப் பிரிவு மாதிரி வரைபடங்களை எண் போட்டு அனுப்பியது. நாட்டில் அதிகமாகக் கட்டியது 24-ஆம் வகை. ஆறு சுவர், பின்சுவர் மட்டும் மற்றவற்றைவிட நீளம். வாசல் அதில்தான் இருக்கும். மற்ற ஐந்திலும் ஆளுக்கொரு புழை. உள்ளே நடுவில் ஒரு குறுக்குச் சுவர்: ஒரு புழை வழியே நுழைந்த குண்டு சுவரில் பட்டுத் தெறித்து எல்லாரையும் பதம் பார்க்காமல் இருக்க. ஆக, வாசல் இருக்கும் பக்கம் நம் பக்கம். அதற்கு எதிர்ப்பக்கம் பகைவன் வருகிற பக்கம். நாலைந்து பில்பாக்ஸ்களின் திசையை வரைபடத்தில் அம்புக்குறியாகப் போட்டுப் பார்த்தால் 1940-இல் ஒரு தளபதியின் பயம் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

நான் முதலில் பார்த்த அறையின் புழைகள் மேற்கே பார்த்தன. எனக்குக் குழப்பமாகப் போயிற்று. ஜெர்மனி இருப்பது கிழக்கே அல்லவா? பதில் கிடைக்க ஒரு வருடம் ஆனது. அது டான்டன் தடுப்புக் கோட்டைச் சேர்ந்தது. தெற்கே டெவன் கரையில் சீட்டன் என்ற ஊரில், ஆக்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் தொடங்கி, சார்ட், இல்மின்ஸ்டர், பிரிட்ஜ்வாட்டர் வழியாக வடக்கே ஹைபிரிட்ஜ் வரை போகிற கோடு. ஏறக்குறைய 80 கிலோமீட்டர். தென்மேற்கு மூலையான கார்ன்வாலிலோ டெவனிலோ ஜெர்மானியர் இறங்கிவிட்டால், அந்தத் தீபகற்பத்தின் இடுப்பிலேயே அவர்களைக் கட்டிப்போட வேண்டும் என்பது கணக்கு. அதனால்தான் மேற்கே பார்க்கிறது. கோடு போகிற வழியைப் பார்த்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். ஆக்ஸ் ஆறு கொஞ்ச தூரம், கிளை ரயில்பாதை கொஞ்ச தூரம், எப்போதோ கைவிடப்பட்ட சார்ட் கால்வாய் கொஞ்ச தூரம். பாழடைந்த கால்வாய்கூட அந்தக் கோடைகாலத்தில் ராணுவ வேலைக்குத் திரும்பியிருக்கிறது.

இதற்கு மாறாக, கென்னட்-ஏவன் கால்வாயில் நடந்தால் புழைகள் பெரும்பாலும் தெற்கே பார்க்கும். லண்டனையும் நடுநாட்டுத் தொழில் நகரங்களையும் காக்க வேண்டிய தலைமைக் கோட்டின் ஒரு பகுதி அது. பழைய விமானத்தளங்களிலோ சில பில்பாக்ஸ்கள் உள்ளே, ஓடுபாதையைப் பார்த்தபடி நிற்கும். பாராசூட்டில் குதிப்பவர்கள் ஓடுபாதையைத்தான் பிடிப்பார்கள் என்ற பயம்.

இன்ஜினியராக இருப்பதில் ஒரு லாபம், சுவரே பேசும். சென்ட்ரிங் பலகையின் ரேகை கான்கிரீட்டில் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, மரத்தின் கணுவைக்கூட எண்ணலாம். சில இடங்களில் பலகைக்குப் பதில் வெளியே செங்கல் சுவர் எழுப்பி அதற்குள் கான்கிரீட்டைக் கொட்டியிருப்பார்கள். பலகைத் தட்டுப்பாடு, செங்கல் அப்படியே நின்றுவிடும், பிரிக்கவும் வேண்டாம். கடலோரமாகப் போனால் ஜல்லிக்குப் பதில் கடற்கரைக் கூழாங்கல். பெரும்பாலும் உள்ளூர் ஒப்பந்தக்காரர்கள் கட்டியது. சுவர் ஓரடித் தடிமன் என்றால் துப்பாக்கிக் குண்டு தாங்கும். மூன்றரை அடி என்றால் பீரங்கிக் குண்டு. எந்த இடத்தில் எதைச் செலவழித்தார்கள் என்பதை ஒரு டேப்பை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆனால் சுவர் எல்லாவற்றையும் சொல்லாது. லண்டனின் மேற்குப் பகுதியில் கியூ என்ற இடத்தில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே டபிள்யூ.ஓ. 166 என்ற வரிசையில் உள்நாட்டுப் படைகளின் போர்க்கால நாட்குறிப்புகள். தட்டச்சு செய்த, ஓரம் பழுத்த தாள்கள். எந்தப் படைப்பிரிவு எந்தத் தேதியில் எங்கே முகாமிட்டது, எந்தப் பாலத்துக்கு யார் பொறுப்பு என்பதை இடக்குறி எண்ணோடு எழுதியிருப்பார்கள். அந்த எண்களை ஆசையாகக் குறித்துக்கொண்டு வந்து, இன்றைய வரைபடத்தில் வைத்து, ஆற்றுப் பாலத்தைத் தேடிப் போனேன். போய் நின்றது ஒரு மேட்டுக் காட்டில். பக்கத்தில் ஒரு ஓடைகூட இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் காலத்து ராணுவ வரைபடத்தின் கட்டங்கள் வேறு. காசினி கட்டம் என்று பெயர். போருக்குப் பிறகு மாற்றிவிட்டார்கள். எண்களை மாற்றிக் கணக்கிடாமல் போனால் என் கதிதான். இந்தத் துறைக்கு வருகிற பலரும் ஒரு முறையாவது அந்த மேட்டில் நின்றிருப்பார்கள் என்று நினைத்துச் சமாதானம் அடைகிறேன்.

மூன்றாவது சாட்சி வானத்திலிருந்து. போர் முடிந்த கையோடு 1946, 47-இல் விமானப்படை நாடு முழுவதையும் மேலிருந்து படம் எடுத்தது. இடித்துத் தள்ளாத பில்பாக்ஸ், தூர்த்த அகழி எல்லாம் அதில் தெரியும். தூர்த்த அகழி இன்றும் முழுதாகச் சாகவில்லை. அங்கே மண் ஆழம், ஈரம் அதிகம். மழை பொய்த்த கோடையில் வயல் முழுவதும் காய்ந்து மஞ்சளாகும்போது அகழி ஓடிய தடத்தில் மட்டும் பயிர் பச்சையாக, ஒரு சாண் உயரமாக நிற்கும். 2018 கோடையில் அப்படித்தான், நாடெங்கும் மண்ணுக்குள் கிடந்த பழைய தடங்கள் பயிரில் தெரிந்தன.

இதெல்லாம் நான் தனியாகக் கண்டுபிடித்ததில்லை. 1995 முதல் 2001 வரை பிரிட்டிஷ் தொல்லியல் மன்றம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. சுமார் 600 தன்னார்வலர்கள் வயல் வயலாக நடந்து 20,000-க்கு அருகில் இடங்களைப் பதிவு செய்தார்கள். அவர்கள் போட்ட பாதையில்தான் நாங்கள் நடக்கிறோம், விட்டுப்போன மூலைகளைத் தேடி.

ஏமாற்றுவதற்கென்றே கட்டியவற்றைத் தேடுகிறோம் என்பது இதில் கூடுதல் வேடிக்கை. வைக்கோல்போர், குடிசை, ரயில்வே சிக்னல் அறை என்று பலவகை வேஷம். சாமர்செட்டில் இந்த வேஷம் போட்டவர்களில் ஒருவர் ஆலிவர் மெசல். லண்டன் நாடக மேடைகளுக்குக் காட்சி அமைத்த பெரிய கலைஞர். அரங்கத்துக்குக் கித்தானில் வீடு வரைந்தவர் கான்கிரீட்டில் வீடு வரைந்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த வேஷம் சசெக்ஸ் கரையில் பெவன்சி கோட்டையில் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டு முடிவில் ரோமானியர் கட்டிய மதில். 1066-இல் வில்லியம் படையோடு வந்து இறங்கிய அதே கரை. 1940-இல் அந்த இடிந்த மதிலுக்குள்ளேயே இயந்திரத் துப்பாக்கி அறைகளை ஒளித்துவைத்து, பழைய கல்லைப் போலவே முகப்பு கட்டினார்கள். போருக்குப் பிறகு இவற்றைப் பிடுங்கி எறிந்து ரோமானிய மதிலைச் சுத்தம் செய்திருக்கலாம். செய்யவில்லை. இதுவும் கோட்டையின் கதைதான் என்று விட்டுவைத்தார்கள். அந்த முடிவை எடுத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

எந்தப் பில்பாக்ஸும் படையெடுப்பைச் சந்திக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். செப்டம்பர் 17 அன்று ஹிட்லர் படையெடுப்பைத் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைத்தார். அதற்கு முன்பே, ஜூலையில் அயர்ன்சைடை மாற்றி ஆலன் புரூக்கைக் கொண்டுவந்தார்கள். கோடு போட்டு உட்கார்ந்திருப்பதில் புரூக்குக்கு நம்பிக்கை இல்லை. ஓடிப் போய் அடிக்கிற படை வேண்டும் என்றார். ஆக, சில இடங்களில் கான்கிரீட் காய்வதற்குள் அதன் தத்துவம் காலாவதியாகிவிட்டது. அயர்ன்சைடைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு மனம் வரவில்லை. கையில் டாங்கி இல்லாத மனிதர் சிமென்ட்டை நம்பினார், அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு ஏற்ற பருவம் குளிர்காலம். தொட்டாலே அரிக்கிற காஞ்சொறி அப்போதுதான் பட்டுப்போயிருக்கும், சுவர் தெரியும். ஆனால் அதே மாதங்களில் உள்ளே வௌவால்கள் தூங்கும். சட்டம் அவற்றைக் காக்கிறது, தொந்தரவு செய்யக் கூடாது. வெளியே நின்று அளந்துவிட்டு வந்துவிடுவேன்.

இல்மின்ஸ்டருக்கு வடக்கே இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நாட்குறிப்பில் எண் இருக்கிறது. இந்த முறை கட்டத்தைச் சரியாகவே மாற்றியிருக்கிறேன். 1946 படத்தில் வேலியோரம் ஒரு வெள்ளைப் புள்ளியும் தெரிகிறது. நிலத்துக்காரர், தன் அப்பா அதை மண் போட்டு மூடிவிட்டதாகச் சொல்கிறார், எந்த மூலையில் என்று நினைவில்லையாம். கோட்டில் அதற்கு இரு பக்கமும் உள்ளவை மேற்கே பார்க்கின்றன. ஆனால் அந்த இடத்தில் ஓடை வளைகிறது. பாலத்தைக் காக்க வேண்டுமானால் அது வடக்கே பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். வருகிற தை மாதக் கடைசியில், காஞ்சொறி பட்டதும், மண்வெட்டியோடு வரச் சொல்லியிருக்கிறார்.

வணக்கம்.