தயிர் உறையாத நாள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். அணைக்கட்டு பக்கம் எங்கள் ஆயா வீட்டில் ஒருமுறை தயிர் உறையவே இல்லை. ஆயா உறைமோரைச் சந்தேகப்பட்டார். பக்கத்து வீட்டு மோரை வாங்கி ஊற்றினார். சட்டியை வைக்கோலுக்குள் புதைத்தும் பார்த்தார். பால் பாலாகவே இருந்தது. மூன்றாம் நாள்தான் ஞாபகம் வந்தது: பசுவுக்கு மடிநோய் கண்டு, டாக்டர் காம்பில் மருந்து ஏற்றியிருந்தார். நோய்க்கிருமியைக் கொல்ல வந்த ஆன்டிபயாடிக் பாலில் இறங்கி, தயிராக்கும் கிருமியையும் கொன்றுவிட்டது. இத்தனை வருடமாக ஆய்வகத்தில் நான் தேடுவதும் அந்த மருந்தைத்தான்.

ஆனால் தயிர்ச்சட்டி மறுநாள்தான் பதில் சொல்லும். அதற்குள் பால் டேங்கர் ஏறிவிடும். மருந்து ரொம்பக் குறைவாக இருந்தால் தயிர் உறைந்தும் விடும். காய்ச்சினாலும் மருந்து முழுக்கப் போகாது. டெட்ராசைக்கிளின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்த எல்லை, லிட்டர் பாலுக்கு 100 மைக்ரோகிராம். பத்தாயிரம் லிட்டர் தண்ணி லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு கிராம், அவ்வளவுதான்.

இதை எப்படி அளப்பது? உங்கள் வீட்டில் சுகர் பார்க்கிற மீட்டர் இருக்கும். ரத்தத்துளி ஸ்ட்ரிப்பில் பட்டதும் சின்னதாக மின்சாரம் ஓடுகிறது, மீட்டர் அதை எண்ணாக்குகிறது. நாங்கள் செய்வதும் அதே வேலைதான். பாலில் படுகிற சின்ன மின்கம்பி முனைதான் மின்முனை; அதில் வோல்ட்டேஜை மெல்ல ஏற்றுவோம். டெட்ராசைக்கிளின் தனக்கான வோல்ட்டேஜ் வந்ததும் எலெக்ட்ரானை விடும். மருந்து கூடினால் மின்சாரமும் கூடும். செக்கோஸ்லோவாக்கியாவின் ஹெய்ரோவ்ஸ்கி 1922இல் பாதரசத் துளியை வைத்து இந்த வழியைத் தொடங்கினார். 1959இல் நோபல் பரிசும் வாங்கினார்.

கஷ்டம் எங்கே என்றால், ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் இருக்கும். நாங்கள் தேடுவது அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. போதாததற்குப் பால் கொழுப்பும் புரதமும் மின்முனையில் ஆடையாகப் படியும். பால் காய்ச்சிய பாத்திரத்தைத் தேய்க்கிறவர்களுக்கு அது தெரியும். அதனால் புரதத்தைத் திரிய வைத்து வடிகட்டுகிறோம். இல்லையென்றால், அந்த மருந்தை மட்டும் பிடிக்கிற பூச்சை மின்முனைமேல் பூசுகிறோம்.

நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். இந்தக் கருவி பால் சொசைட்டி வாசலில், பாலின் அடர்த்தி பார்க்கிற லாக்டோமீட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். கேனில் கலக்குமுன் பார்க்க வேண்டும். கலந்த பிறகு எந்த வீட்டுப் பால் என்று யார் சொல்வது?

 நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும்: மாட்டுக்கு ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறியுங்கள், டாக்டர் சொன்ன நாள் முடியும்வரை அந்தப் பாலை சொசைட்டியில் ஊற்றாதீர்கள். வணக்கம்.