சைடு லாக் போட்டால் போதுமா?

[காட்சி: திருமண மண்டப வாசலில் வரிசையாக பைக்குகள். ஒரு வண்டியின் கொக்கியில் அரை சாண் வார் மட்டும் தொங்குகிறது.]

இந்தத் துண்டு வாரைப் பாருங்கள். என் ஹெல்மெட்டில் மிஞ்சியது இவ்வளவுதான். திருச்சியில் ஒரு திருமணத்துக்குப் போனபோது, சீட்டுக்குக் கீழே உள்ள கொக்கியில் ஹெல்மெட்டைப் பூட்டிவிட்டுப் பந்திக்குப் போனேன். திரும்பி வந்தால் பக்கிளும் அதோடு ஒட்டிய வாரும்தான் இருந்தன. பிளேடால் ஒரே இழுப்பு. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றிரவு வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

திருடவந்தவர் பூட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. பூட்டுக்குப் பக்கத்தில் எது மெலிந்திருக்கிறதோ அங்கே கைவைக்கிறார். வண்டியைப் பூட்டும்போதெல்லாம் அந்த இடத்தைத்தான் நாம் தேட வேண்டும்.

[காட்சி: ஹேண்டில்பாரின் கழுத்துப் பகுதி, மிக அருகில்.]

சைடு லாக் போட்டதும் நிம்மதியாகப் போய்விடுகிறோம். உள்ளே நடப்பது என்ன? விரல் பருமன்கூட இல்லாத ஓர் உலோக முள் வெளியே வந்து ஹேண்டிலைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஹேண்டிலின் முனையை ஓங்கி ஓர் உதை உதைத்தால், அந்த நீளமே நெம்புகோலாகி முள்ளை முறித்துவிடும். பிறகு இக்னிஷன் ஒயர்களைச் சேர்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பழைய வண்டியில் அதுகூட வேண்டாம். லாக் செட் தேய்ந்திருந்தால் வேறொரு தேய்ந்த சாவிக்கும் திரும்பிக்கொடுக்கும். உங்கள் சாவி லொடலொடவென்று ஆடினால் லாக் செட்டை மாற்றிவிடுங்கள்.

[காட்சி: பின்சக்கரத்தில் செயின் மாட்டும் கைகள்.]

சைடு லாக்கோடு செயின் பூட்டும் போடுங்கள். முன்சக்கரத்தில் மட்டும் போட்டால் ஆக்சில் நட்டைக் கழற்றி, சக்கரத்தை விட்டுவிட்டு வண்டியைத் தூக்கிப்போகலாம். பின்சக்கரம், சேஸிஸ், பக்கத்தில் ஒரு தூண், மூன்றையும் சேர்த்துச் சுற்றுங்கள். செயின் தரையில் கிடக்கக் கூடாது. கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மற்றதில் உடம்பின் எடை முழுவதையும் போட்டு வெட்டுவார்கள். தொங்கும் செயினில் அந்த வசதி கிடைக்காது.

தூண் இல்லாத இடத்தில், டிஸ்க் பிரேக் தட்டில் மாட்டிச் சக்கரத்தைச் சுழலவிடாமல் தடுக்கும் டிஸ்க் லாக் உதவும்; அலாரம் உள்ளதாகப் பாருங்கள். போட்டிருப்பதை மறந்து வண்டியை எடுத்தால் கீழே விழுவீர்கள். அதிலிருந்து ஹேண்டிலுக்கு ஒரு நிறக்கயிறு கட்டிவையுங்கள்.

ஜி.பி.எஸ். வாங்குபவர்கள் அதற்குள் தனியாகச் சிறு பேட்டரி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வண்டியின் பேட்டரி ஒயரைப் பிடுங்கியதும் அது ஊமையாகிவிடும்.

[காட்சி: ஹெல்மெட், ஜாக்கெட், மெல்லிய எஃகுக் கேபிள்.]

இனி ஹெல்மெட். வாரில் பூட்டாதீர்கள். முழுமுக ஹெல்மெட்டாக இருந்தால், கேபிளைக் கழுத்துப் பக்கம் நுழைத்து முகத்திறப்பு வழியாக வெளியே எடுங்கள். தாடைப் பகுதி கேபிளுக்குள் மாட்டிக்கொள்ளும். அதே கேபிளை ஜாக்கெட்டின் ஒரு கை வழியாக விட்டு, சேஸிஸோடு சேர்த்துப் பூட்டுங்கள். தாடைப் பகுதி இல்லாத ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப்போவதுதான் நல்லது. கையுறையை வண்டியில் வைக்கவே வேண்டாம்.

[காட்சி: மேஜைமேல் ஆர்.சி., காப்பீட்டுத் தாள், இரண்டு சாவிகள்.]

இவ்வளவு செய்தும் வண்டி போய்விட்டால்? மூன்றாம் நபர் காப்பீடு திருட்டுக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. முழுமையான காப்பீடு வேண்டும். அதிலும் ஹெல்மெட், ஜாக்கெட் பொதுவாகச் சேர்வதில்லை.

காவல் நிலையத்துக்கு அன்றே போங்கள். பல நேரம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். காப்பீட்டுக்கு எஃப்.ஐ.ஆர். தேவை. எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள்.

அவர்கள் முதலில் கேட்பது வண்டியோடு வந்த இரண்டு சாவிகளையும்தான். ஒன்று இல்லையென்றால், சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டீர்களா என்ற கேள்வி எழும். நம் பக்கம் மெலிந்திருக்கும் இடம் அதுதான்.

உங்கள் இரண்டாவது சாவி எங்கே? வீடியோவை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தேடிப்பாருங்கள். கிடைத்ததும், சேஸிஸ் எண்ணின் 17 எழுத்துகளையும் எஞ்சின் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி அந்தச் சாவியோடு கட்டிவையுங்கள்.