"வெறும் தியரிதானே" என்பவர்களுக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"பரிணாமமும் ஒரு தியரிதான்; படைப்புவாதத்தையும் சேர்த்து அறிவியல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாம்" என்பது சரியா, தவறா? இதுதான் இன்றைய தலைப்பு. தவறு என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டார். "தியரி என்றாலே நிரூபிக்கப்படாதது என்றுதானே அர்த்தம்? அப்புறம் கடவுள் படைத்தார் என்பதையும் பக்கத்தில் வைத்தால் என்ன? பிள்ளைகளே முடிவு செய்துகொள்ளட்டுமே" என்றார். நல்ல கைதட்டல் கிடைத்தது. கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் நடுவர் அவர்களே, அந்த வாதம் முழுவதும் தியரி என்ற ஒற்றைச் சொல்லின் மேல் நிற்கிறது.

நாம் அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறோம்? "தியரியெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பிராக்டிகலா வராது" என்கிறோம். சரி, தமிழில் சொல்லலாம் என்றால் அங்கே வேறு ஒரு வம்பு. பள்ளியில் "டால்டனின் அணுக்கொள்கை" என்று படித்தோம். அதே கொள்கை என்ற சொல்லைத்தான் கட்சிக்கும் வைத்திருக்கிறோம். அதனால் பரிணாமக் கொள்கை என்றதும், அது உங்கள் கொள்கை, இது எங்கள் கொள்கை, ஆளுக்கொன்று இருந்துவிட்டுப் போகட்டுமே என்று மனம் சமாதானம் ஆகிவிடுகிறது.

அறிவியலில் யூகத்துக்கு வேறு பெயர் இருக்கிறது. கருதுகோள். தியரி, அதாவது கோட்பாடு என்பது பல சோதனைகளைத் தாண்டி, பல உண்மைகளைச் சேர்த்துப் பிடித்து, இவை ஏன் இப்படி இருக்கின்றன என்று விளக்குவது. காசநோய் ஒரு கிருமியால் வருகிறது என்று ராபர்ட் கோக் 1882இல் காட்டினார். நோய்கள் கிருமிகளால் பரவுகின்றன என்பதற்கு இன்றைக்கும் கிருமிக் கோட்பாடு என்றுதான் பெயர். வெறும் தியரிதானே என்று யாராவது ஆபரேஷனுக்கு முன்னால் கை கழுவாமல் வந்தால் நாம் மேஜையில் படுத்திருப்போமா?

கோட்பாடு என்ற பெயர் வாங்க ஒரு முக்கியமான தகுதி வேண்டும். நான் சொல்வது தப்பாக இருந்தால் இந்த இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அதுவே கழுத்தை நீட்ட வேண்டும். பரிணாமம் எப்படி நீட்டியது என்று ஒன்றே ஒன்று காட்டுகிறேன்.

உயிரணுவுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைக்குப் பெயர் குரோமோசோம். மனிதனுக்கு அது 23 ஜோடி. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் ஒராங்குட்டானுக்கும் 24 ஜோடி. நமக்கும் அவற்றுக்கும் பொதுவான மூதாதை இருந்தது உண்மையானால், ஒரு ஜோடி எங்கே போனது? முழுக் குரோமோசோம் ஒன்று தொலைந்துபோயிருந்தால் உயிர் பிழைத்திருக்க முடியாது. ஆக, இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தடம் இருக்கும். குரோமோசோமின் இரு நுனிகளிலும் டெலோமியர் என்று ஒரு பகுதி உண்டு, ஷூ கயிற்றின் முனையில் இருக்கும் பூண் மாதிரி. இரண்டு கயிறுகளை நுனியோடு நுனி ஒட்டினால் நடுவில் பூண் இருக்குமா, இருக்காதா? ஒவ்வொரு குரோமோசோமிலும் சென்ட்ரோமியர் என்று இடுங்கிய ஒரு பகுதியும் உண்டு. அதுவும் ஒன்றுக்கு இரண்டாகத் தெரிய வேண்டும். தேடிப் பார்த்தார்கள். நமது இரண்டாவது குரோமோசோமில் அப்படியே இருக்கிறது. இருக்கக் கூடாத நடு இடத்தில் டெலோமியர் வரிசை, கூடவே செயலிழந்துபோன இரண்டாவது சென்ட்ரோமியரின் மிச்சம். இல்லாமல் போயிருந்தால் பரிணாமம் அந்த இடத்திலேயே மாட்டியிருக்கும்.

படைப்புவாதம் இப்படி எங்கே கழுத்தை நீட்டுகிறது? 23 ஜோடி இருந்தாலும் கடவுள் விருப்பம், 24 இருந்தாலும் அவர் விருப்பம். எது வந்தாலும் பொருந்தும் ஒன்றை எந்த ஆய்வகத்தில் வைத்துச் சோதிப்பது?

இந்தக் குரோமோசோம் கதை ஒரு நீதிமன்றத்தில் சாட்சியமாகவே சொல்லப்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டோவர் என்று ஓர் ஊர். 2004இல் அங்குள்ள பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பிள்ளைகளுக்கு ஓர் அறிக்கையை வாசிக்கச் சொன்னது. டார்வினுடையது ஒரு தியரி, அது உண்மை அல்ல, அதில் இடைவெளிகள் உண்டு. "அறிவார்ந்த வடிவமைப்பு", அதாவது உயிர்களை அறிவுள்ள ஒருவர் வடிவமைத்தார் என்று வேறொரு விளக்கமும் இருக்கிறது, "ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்" என்ற புத்தகத்தில் பாருங்கள். இதுதான் சாரம். பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள்.

அந்தப் புத்தகத்தின் பழைய வரைவுகள் நீதிமன்றத்துக்கு வந்தன. முந்தைய வரைவுகளில் எங்கும் படைப்பு, படைப்புவாதிகள் என்றே இருந்தது. பொதுப் பள்ளிகளில் படைப்பு அறிவியலைச் சொல்லித்தரச் சொல்லும் லூசியானா மாநிலச் சட்டம் செல்லாது என்று 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பின் வந்த வரைவில் அந்தச் சொற்கள் மறைந்து "வடிவமைப்பு" வந்து உட்கார்ந்தது. ஓரிடத்தில் மட்டும் மாற்றியவர் கை தவறிவிட்டது. படைப்புவாதிகளைக் குறிக்கும் "கிரியேஷனிஸ்ட்ஸ்" என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து முன்னாலும் கடைசி எழுத்துகள் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்க, நடுவில் "டிசைன் ப்ரொபோனன்ட்ஸ்", அதாவது வடிவமைப்பை ஆதரிப்பவர்கள் என்ற புதுச் சொல் செருகப்பட்டிருந்தது. நடுவர் அவர்களே, எந்தச் சோதனையும் நடக்கவில்லை, எந்தக் கண்டுபிடிப்பும் வரவில்லை. பெயர் மட்டும் மாறியது. இதையா என் பிள்ளைக்கு அறிவியல் என்று சொல்லிக்கொடுக்கச் சொல்கிறீர்கள்?

வாரியத்தின் தரப்பில் வந்த முக்கிய சாட்சி உயிர்வேதியியல் பேராசிரியர் மைக்கேல் பீஹி. நீங்கள் தியரிக்குச் சொல்லும் விளக்கத்தின்படி ஜோதிடமும் தியரியாகுமா என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். ஆகும் என்று ஒப்புக்கொண்டார். வாசலை அந்த அளவுக்கு அகலமாக்கினால்தான் படைப்புவாதம் உள்ளே வர முடிகிறது.

இது கடவுள் மறுப்பாளர்களின் வேலை என்று எதிரணித் தலைவர் சொன்னார். நான் சொன்ன குரோமோசோம் சாட்சியத்தைத் தந்த கென்னத் மில்லர் கத்தோலிக்கர். ஜான் ஹாட் என்ற இறையியலாளரும் பெற்றோர் பக்கம் சாட்சி சொன்னார். தீர்ப்பளித்த நீதிபதி ஜான் ஜோன்ஸ், குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். 2005 டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பில், வடிவமைப்பு வாதம் அறிவியல் ஆகாது என்று எழுதினார். என் வீட்டுப் பூஜையறையில் தினமும் விளக்கு எரிகிறது. சாமி கும்பிடுவதற்கு நான் டெலோமியரைச் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை.

"இரண்டையும் சொல்லுங்கள், பிள்ளைகள் முடிவு செய்யட்டும்" என்றீர்களே, அதற்கும் டோவரிலேயே பதில் இருக்கிறது. அறிக்கையை வாசிக்கச் சொன்னபோது அறிவியல் ஆசிரியர்கள் மறுத்தார்கள். இதை நாங்கள் வாசித்தால் இது ஏற்கப்பட்ட அறிவியல் என்று மாணவர்கள் நம்பிவிடுவார்கள், அது உண்மையில்லை, எங்கள் தொழில் தர்மத்துக்கு விரோதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2005 ஜனவரியில் நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து அந்த அறிக்கையை வாசித்துவிட்டுப் போனார்கள். ஆசிரியர்கள் வெளியே போய் நின்றார்கள்.

அந்த ஆசிரியர்களோடு நிற்கிறேன். நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.