பெயரை மறைத்து ஊற்றும் குளிர்கால பியர் போட்டி: திறமையா, அதிர்ஷ்டமா?

அடுத்த கேள்வி, அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம் கிளீவ்லாந்து பக்கம் இருக்கும் ஒரு தம்பியிடமிருந்து வந்திருக்கிறது. வாசிக்கிறேன்.

"அண்ணா, எங்கள் பகுதி பப்பில் டிசம்பரில் ஒரு போட்டி வைப்பார்கள். ஆறு குளிர்கால பியர்களை எண் மட்டும் எழுதிய சின்ன கிளாஸ்களில் தருவார்கள். எது எது என்று பெயர்ப் பட்டியலோடு பொருத்த வேண்டும், பிடித்த வரிசையையும் எழுத வேண்டும். இந்த முறை 30 பேர் கலந்துகொண்டோம். எனக்கு இரண்டு சரி. பியர் பக்கமே அதிகம் போகாத என் நண்பனுக்கு மூன்று சரி, பரிசும் அவனுக்குத்தான். அதைவிட, நான் வருடா வருடம் தேடிப் போய் வாங்கும் கிரேட் லேக்ஸ் கிறிஸ்துமஸ் ஏலுக்கு நானே கடைசி இடம் கொடுத்திருக்கிறேன். இதில் திறமை என்று ஏதாவது இருக்கிறதா, எல்லாம் அதிர்ஷ்டம்தானா?"

பட்டியலையும் அனுப்பியிருக்கிறார். கிரேட் லேக்ஸ் தவிர சியரா நெவாடா செலிப்ரேஷன், சாமுவேல் ஸ்மித் வின்டர் வெல்கம், டெலிரியம் நோயல், ட்ரோக்ஸ் மேட் எல்ஃப், சாமிக்லாஸ். நல்ல பட்டியல், பப்காரர் விஷயம் தெரிந்தவர்.

சரி, முதலில் பரிசு விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆறு பெயரை ஆறு கிளாஸோடு பொருத்த மொத்தம் 720 வழிகள் உண்டு. ஒரு வாய்கூடக் குடிக்காமல் மனம்போன போக்கில் எழுதினாலும் சராசரியாக ஒன்று சரியாகிவிடும். மூன்றோ அதற்கு மேலோ சரியாக வருவது 720-இல் 56 வழிகளில், அதாவது ஏறக்குறைய 13 பேரில் ஒருவருக்கு. ஆக 30 பேரும் குருட்டாம்போக்கில் எழுதியிருந்தால்கூட இரண்டு பேருக்கு மூன்று சரியாக வந்திருக்கும். உங்கள் நண்பரின் வெற்றியை வைத்து அவர் நாக்கைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. உங்களுடைய இரண்டும் அப்படித்தான். ஆறும் சரி என்று ஒருவர் எழுந்து நின்றால் அது வேறு கதை, அதற்குத் தற்செயல் வாய்ப்பு 720-இல் ஒன்றுதான். ஐந்து மட்டும் சரி என்பது நடக்கவே நடக்காது. ஐந்து சரியானால் ஆறாவது தானாக இடத்தில் உட்கார்ந்துவிடும்.

ஆனால் திறமைக்கு இடமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஆறும் பழகிய மூக்குக்குப் பிடிபடக்கூடியவை. ஏனென்றால் குளிர்கால பியர் என்பது ஒரே ஜாதி இல்லை, குளிர்காலத்தில் வருகிறது என்பதுதான் பொது. செலிப்ரேஷனில் பட்டையும் கிடையாது, கிராம்பும் கிடையாது. 1981 முதல் அந்த ஆண்டு அறுவடையின் புது ஹாப்ஸை, அதாவது பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூவை, போட்டுச் செய்கிறார்கள். மூக்கருகில் கொண்டுபோனாலே பைன் மரப் பிசினும் பம்பளிமாஸ் மாதிரியான கிரேப்ஃப்ரூட் பழத் தோலும் போன்ற வாசனை, பின்னாலேயே கசப்பு. கிரேட் லேக்ஸில் ஆல்கஹால் 7.5 சதவீதம். தேன், இஞ்சி, பட்டை. நம் வீட்டு அடுப்படியில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாசனையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட் எல்ஃப் 11 சதவீதம், செர்ரியும் தேனும் போட்டது. டெலிரியம் நோயல் பெல்ஜியத்துச் சரக்கு, 10 சதவீதம், ஈஸ்ட்டே பழ வாசனையைக் கிளப்பிவிடும். அதனால் இந்த இரண்டும்தான் ஆளைக் குழப்பும். வின்டர் வெல்கம் இங்கிலாந்தில் டாட்காஸ்டர் ஊரில் செய்வது, 6 சதவீதம், ஆறிலும் சாது. சாமிக்லாஸ் 14 சதவீதம். ஆண்டுக்கு ஒரே நாள், டிசம்பர் 6, புனித நிக்கலஸ் திருநாளன்று காய்ச்சிப் பத்து மாதம் ஊற வைப்பார்கள். முதலில் சுவிட்சர்லாந்தில் செய்தார்கள், இப்போது ஆஸ்திரியாவில். கிளாஸில் நுரையே நிற்காது, பாகு மாதிரி நாக்கில் ஒட்டும். இதை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது.

நிறத்தை நம்பாதீர்கள். இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகைச் சிவப்புதான். பப் வெளிச்சத்தில் அது உங்களை ஏமாற்றும்.

இப்போது நீங்கள் வருத்தப்படும் விஷயத்துக்கு வருகிறேன். பிடித்த பியரைக் கடைசியில் போட்டது நாக்கின் குற்றம் இல்லை. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பப்களில் ஒரு சோதனை செய்தார்கள், 2006-இல் ஆய்வாக வெளிவந்தது. சாதாரண பியர் ஒரு கிளாஸ், அதே பியரில் சில துளி பால்சாமிக் வினிகர் விட்டது இன்னொரு கிளாஸ். ஒன்றும் சொல்லாமல் கொடுத்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் வினிகர் விட்டதையே விரும்பினார்கள். குடிப்பதற்கு முன்பே சொன்னால் பெரும்பாலோருக்குப் பிடிக்கவில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது குழு. அவர்களிடம் குடித்த பிறகு சொன்னார்கள். அவர்களில் வினிகரை விரும்பியவர்கள் பெரிதாகக் குறையவில்லை. அதாவது, முன்கூட்டியே தெரிந்த சேதி ருசிக்குள்ளேயே கலந்துவிடுகிறது. லேபிளும் அப்படித்தான். வருடா வருடம் கிரேட் லேக்ஸ் பாட்டிலைப் பார்த்துப் பார்த்து, பண்டிகை வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியோடு குடித்திருக்கிறீர்கள். அந்த மகிழ்ச்சியும் உண்மையான ருசிதான். போட்டியில் அதைக் கழித்துவிட்டார்கள்.

அதற்காக உங்கள் கடைசி இடத்தை நான் அப்படியே ஏற்றுக்கொள்ளவும் மாட்டேன். பெயரை மறைத்தால் மட்டும் போட்டி நேர்மையாகிவிடாது. உங்களுக்கு அது எத்தனையாவது கிளாஸாக வந்தது? மேட் எல்ஃபுக்கோ சாமிக்லாஸுக்கோ பின்னால் வந்திருந்தால், காரக்குழம்பு சாப்பிட்ட வாயில் இளநீர் ஊற்றின கதைதான். வலிமை குறைந்ததிலிருந்து ஏறிப் போக வேண்டும், நடுவில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் வேண்டும். அடுத்தது குளிர்ச்சி. ஐஸ் பெட்டியிலிருந்து 3, 4 டிகிரியில் எடுத்து ஊற்றினால் பட்டை, இஞ்சி வாசனை எழும்பாது, கசப்பு மட்டும் தனியாகத் தெரியும். இந்த மாதிரி பியருக்கு 10 முதல் 13 டிகிரி வரை வேண்டும். கிளாஸை இரண்டு உள்ளங்கையிலும் பொத்திப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பொறுத்தாலே வித்தியாசம் தெரியும்.

ஊற்றுகிற ஆள் ரொம்ப முக்கியம். டெலிரியம் மாதிரி பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்க விடும் பியரில் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். ஒரு கிளாஸ் ஊற்றிவிட்டுப் பாட்டிலை நிமிர்த்தி, மறுபடி சாய்த்து அடுத்ததை ஊற்றினால் ஒவ்வொரு தடவையும் அந்த வண்டல் கலங்கும். முதல் ஆளுக்குத் தெளிவாகவும் கடைசி ஆளுக்குக் கலங்கலாக, மாவு வாடையோடும் போகும். ஒரே பியர், இரண்டு ருசி. அதனால் கிளாஸ்களை நெருக்கி வைத்து, சாய்த்த பாட்டிலை நிமிர்த்தாமலே வரிசையாக ஊற்ற வேண்டும். அதையும் உள்ளறையில் செய்ய வேண்டும். பாட்டிலில் காகிதம் சுற்றினால் போதாது, டெலிரியத்தின் வெள்ளைப் பாட்டிலை மூடியையும் கழுத்தையும் வைத்தே சொல்லிவிடுவார்கள்.

அளவும் பார்க்க வேண்டும். ஆளுக்கு 60 மில்லி போதும். ஆறு கிளாஸுக்கு 360 மில்லிதானே என்று தோன்றும். ஆனால் இந்தப் பட்டியலின் சராசரி 9 சதவீதத்துக்கு மேல், சாதாரண பியரில் இரண்டு சின்ன பாட்டில் குடித்த கணக்கு. நாக்கும் மூக்கும் மரத்த பிறகு எழுதுகிற மதிப்பெண்ணுக்கு அர்த்தம் இல்லை. வண்டியும் எடுக்காதீர்கள், யாராவது குடிக்காதவர் ஓட்டட்டும்.

அடுத்த டிசம்பருக்குத் தயாராக வேண்டும் என்றால் வீட்டில் முக்கோணச் சோதனை செய்யுங்கள். 1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் கையாண்ட முறை இது. மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. ஊற்றுகிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். தனித்து நிற்பது எது என்று மட்டும் சொல்லுங்கள். தற்செயலாகச் சரியாவது மூன்றில் ஒரு பங்கு, அதைத் தாண்டித் தொடர்ந்து சரியாக வந்தால்தான் வித்தியாசம் தெரிகிறது என்று அர்த்தம். மேட் எல்ஃபையும் டெலிரியம் நோயலையும் வைத்துத் தொடங்குங்கள்.

பப்காரரிடமும் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஏழாவதாக ஒரு கிளாஸ் சேர்த்து, ஆறில் ஏதோ ஒரு பியரையே வேறு எண்ணில் மறுபடி ஊற்றச் சொல்லுங்கள். எதை என்று யாருக்கும் சொல்லக் கூடாது. அந்த இரண்டு எண்ணுக்கும் ஒரே பெயரை எழுதி, பக்கத்துப் பக்கத்து இடம் கொடுத்தவர் யாரோ, அவர் தாளில் இருக்கும் மற்ற வரிசையையும் நான் நம்புவேன். பரிசையும் அவருக்கே கொடுக்கலாம். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.