எதற்கு விரோதம்?

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் ‘இனிமிக்கல்’ என்று ஒரு சொல் உண்டு. நம் காதுக்கு ‘இனிமை’ போல ஒலிக்கும், பொருளோ நேர்மாறு. பகையான, விரோதமான, கேடு விளைவிக்கிற என்று அர்த்தம். வீட்டுப் பேச்சில் வராது. சட்டத்திலும் அரசு அறிக்கைகளிலும்தான் அதிகம் காணலாம்.

லத்தீனில் ‘அமிக்குஸ்’ என்றால் நண்பர். அதோடு மறுப்பு சேர்ந்தால் ‘இனிமிக்குஸ்’, அதாவது நண்பரல்லாதவர். ‘எனிமி’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். ரோமானியர்களிடம் ‘ஹோஸ்டிஸ்’ என்று இன்னொரு சொல்லும் இருந்தது. இனிமிக்குஸ் சொந்தப் பகைவன். ஹோஸ்டிஸ் நாட்டின் எதிரி. அந்த ஹோஸ்டிஸ், முன்னோர் காலத்தில் வெறும் அயலானைத்தான் குறித்தது என்று ரோமானிய அறிஞர் சிசரோ எழுதியிருக்கிறார். அயலூர்க்காரனுக்கு வைத்த பெயரே எதிரியின் பெயராகிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

‘உங்கள் பகைவரை நேசியுங்கள்’ என்ற இயேசுவின் வாக்கில், லத்தீன் விவிலியம் ஆள்வது இனிமிக்குஸ் என்ற சொல்லை. ஜெர்மானியச் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட் 1932-இல் வெளியிட்ட நூலில் இதைப் பிடித்துக்கொண்டார். அந்த நேசம் சொந்தப் பகைவனுக்குத்தான், நாட்டின் எதிரிக்கு இல்லை என்று வாதிட்டார். நண்பன் யார், எதிரி யார் என்று பிரிப்பதே அரசியல் என்றார். அடுத்த ஆண்டே நாஜிக் கட்சியில் சேர்ந்தார்.

இச்சொல்லை நேர்மையாகவும் ஆளலாம். அமெரிக்காவின் 1954-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தைப் பாருங்கள். நாட்டின் பாதுகாப்புக்கோ பொதுமக்களின் உடல்நலத்துக்கோ ‘இனிமிக்கல்’ என்று அணுசக்தி ஆணையம் கருதினால், அணு உலைக்கு உரிமம் தரக்கூடாது. எதற்குக் கேடு என்பது அங்கே எழுதியே இருக்கிறது. நம் இலக்கணத்தில் சொன்னால், நான்காம் வேற்றுமை கூடவே நிற்கிறது.

அந்த ‘கு’ உதிர்ந்துபோகும் இடத்தில்தான் எனக்கு அச்சம். ‘தொழிலாளர் விரோதச் சட்டம்’ என்று ஒருவர் சொன்னால், சட்டத்தைப் பிரித்துவைத்து ஆம், இல்லை என்று வாதாடலாம். வெறுமனே ‘விரோத சக்திகள்’ என்றால் எதைப் பிரித்துப் பார்ப்பது? யார், என்ன செய்தார், எதற்குக் கேடு, ஒன்றுமே இல்லை. குடிதண்ணீர் கேட்டு மறியல் செய்த பெண்கள் மீதும் அந்தப் பெயரை ஒட்டிவிடலாம்.

செய்தி அறைகளில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அறிக்கையில் இந்தச் சொல் வந்தால், மொழிபெயர்க்கும் முன் தொலைபேசியை எடுத்து, ‘எதற்கு விரோதம் என்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். வருகிற பதிலையும் சேர்த்தே வாசியுங்கள். வணக்கம்.