லோ கார்ப்புக்கு இரண்டு கிழமை லீவு: தராசு ஏறினால் பதறாதீர்கள்

வணக்கம் உறவுகளே. பின்னால் கேட்பது டச் பே கடற்கரையின் அலைச்சத்தம். விடியக் காலை, இப்போதுதான் வெளிச்சம் வருகிறது, மண்ணில் உட்கார்ந்துதான் பேசுகிறேன்.

நான்கு மாதமாக லோ கார்ப்பில் இருந்தேன். ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் மாச்சத்து, சோறும் பாணும் இடியப்பமும் இல்லை, மீன், முட்டை, கீரை, தேங்காய்ப்பூ என்று ஓடியது. 81 கிலோவில் இருந்து 74க்கு வந்தேன், அந்தச் சாப்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கடைசி மூன்று கிழமையாக நித்திரை சரியில்லை, நிறையும் அசையவில்லை, அதைவிட வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது நான் எழும்பி முற்றத்துக்குப் போகத் தொடங்கியிருந்தேன். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சரி, இரண்டு கிழமை விடுவோம் என்று முடிவெடுத்தேன்.

முதல் நாள் அம்மா புட்டு அவித்தார். வறுத்த சிவப்பரிசி மாவில் கொதிதண்ணீர் விட்டு, அகப்பைக்காம்பால் கிளறி, பிறகு தம்ளர் விளிம்பால் கொத்திக் கொத்தி எடுப்பாரே, அந்தச் சத்தம் கேட்டே நான் குசினிக்குள் போய்விட்டேன். நீத்துப்பெட்டியில் ஆவி வந்ததும் அந்த ஓலை வாசம்! "ஒரு பிடி சாப்பிடன் பிள்ளை" என்று சூரைமீன் குழம்போடு நீட்டினார். சாப்பிட்டேன், அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து.

நான்காம் நாள் தராசில் 75.6. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பயந்துபோய் அடுத்த நாளே பட்டினி கிடக்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நாம் சாப்பிடும் மாச்சத்தில் ஒரு பங்கை உடம்பு கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. ஈரலில் கிட்டத்தட்ட 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவில். ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். லோ கார்ப்பில் அந்தச் சேமிப்பு வடியும், திரும்ப மாச்சத்து சாப்பிட்டால் நிரம்பும். நீங்களே கூட்டிப் பாருங்கள், ஒன்றிரண்டு கிலோ வருகிறது. நான்கு நாளில் ஏறிய நிறையில் பெரும்பங்கு இதுதான்.

ஆனால் லீவு என்றால் கொத்துரொட்டியும் சோடாவுமாகத் திரிவது இல்லை. நிறையைக் கூட்டவும் குறைக்கவும் செய்யாத அளவு சாப்பாடு. ஆஸ்திரேலியாவில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமனான ஆண்களில் ஒரு பகுதியினர் இரண்டு கிழமை குறைத்துச் சாப்பிட்டு, இரண்டு கிழமை தேவையான அளவுக்குச் சாப்பிட்டு என்று மாறி மாறிப் போனார்கள். விடாமல் குறைத்தவர்களைவிட அவர்களுக்குத்தான் கூடுதலாக நிறை இறங்கியது. அது கலோரியைக் குறைத்த ஆய்வு, லோ கார்ப் ஆய்வு இல்லை. ஆனாலும் இடைவெளி விட்டால் எல்லாம் பாழ் என்ற பயம் எனக்கு அதை வாசித்த பிறகுதான் போனது.

இன்னொன்று, மெதுவாகக் கூட்டுங்கள். அதிக நாள் மாச்சத்து இல்லாமல் இருந்த உடம்புக்குத் திடீரென்று ஒரு கோப்பை சோறு போட்டால் இரத்தத்தில் சீனி வழமையைவிட உயரலாம். குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனைக்கு முதல் மூன்று நாள் தினமும் 150 கிராமாவது மாச்சத்து சாப்பிடச் சொல்வதும் இதனால்தான். நான் முதலில் ஒரு வேளைக்கு மட்டும் கைப்பிடி புட்டு, அதோடு மீனும் கீரையும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் என்னைப் பார்த்துத் தொடங்கவே வேண்டாம், உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

இன்றைக்கு ஒன்பதாம் நாள். நித்திரை திரும்ப வந்துவிட்டது. தராசை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறேன், பதினான்காம் நாள்தான் இறக்குவேன். இப்போது வள்ளங்கள் கரைக்கு வருகின்றன, மீன் வாங்கிக்கொண்டு போக வேண்டும், அம்மா சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார்.