கப்பல் ஏறுமுன் ஆறு மாதம்

(மட்டக்களப்பில் தாதியருக்கும் மருத்துவ மாணவருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டுக்கு மருத்துவத் தொண்டு செய்யப் போக நினைப்பவர்கள் முதலே என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்று பேசப்போகிறேன்.

மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரலில் இங்கேயே காலமானார். ஒரு வருடம்கூட முழுதாக இல்லை. அவருக்கு இந்த ஊரில் சிலை உண்டு. அந்தக் காலத்தில் ஊழியம் என்றால் அப்படித்தான். இன்று அப்படிப் போகத் தேவையில்லை. போனவர் நோயாளியாகிப் படுத்தால், அங்கே ஒரு கட்டில் குறையும்.

1978இல் தொடங்கிய மேர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தின் ‘குளோபல் மேர்சி’ என்ற ஆஸ்பத்திரிக் கப்பலில் 6 சத்திரசிகிச்சைக் கூடங்கள் உண்டு. ஆபிரிக்கத் துறைமுகங்களில் நின்று உதட்டுப் பிளவு, முகக்கட்டி, வளைந்த கால், பிரசவக் காயத்தால் வரும் சிறுநீர்க் கசிவு என்று பார்க்கிறார்கள். சம்பளம் கிடையாது, விமானச் சீட்டும் காப்புறுதியும் உங்கள் பொறுப்பு. தாதியர் மட்டுமல்ல, சமையல்காரரும் மின்வினைஞரும்கூட அங்கே தேவை. இரத்தம் தேவைப்பட்டால் வேலை செய்பவர்களே கையை நீட்ட வேண்டும். ஆகவே உங்கள் இரத்த வகை முதலே தெரிந்திருக்கட்டும்.

தலைப்பில் ஆறு மாதம் என்றது ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி நோய்க்கான தடுப்பூசியை வைத்துத்தான். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. படிக்கும்போதே போட்டிருப்பீர்கள், ஆனால் உடம்பில் எதிர்ப்புப் பிடித்ததா என்று சோதித்தவர்கள் எத்தனை பேர்?

மஞ்சள் காய்ச்சல் ஊசி வேறு கதை. நம்மவர் அதைச் செங்கமாரியோடு குழப்புவார்கள். இது நுளம்பால் பரவும் வைரஸ் நோய். டெங்கைப் பரப்பும் அதே நுளம்புதான். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முந்திப் போட வேண்டும். சான்றிதழ் 10ஆம் நாளில் இருந்துதான் செல்லும். 2016 முதல் ஆயுள் முழுவதும் செல்லும். முட்டைக்குக் கடுமையான ஒவ்வாமை இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ முதலே சொல்லுங்கள்.

கடதாசி வேலையில் அதிகம் சிக்குவது பெயர். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும். தாதிப் பதிவில் முதலெழுத்து மட்டும் இருக்கும். கலியாணத்துக்குப் பிறகு எடுத்த சான்றிதழில் புருஷன் பெயர் ஒட்டியிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று வெளிநாட்டு அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்? சத்தியக் கடதாசி, பதிவுச் சபையின் நன்னடத்தைக் கடிதம், பொலிஸ் கிளியரன்ஸ் எல்லாவற்றையும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலில் எடுங்கள். அரச சேவையில் இருப்பவர் லீவு அனுமதியை எழுத்தில் வாங்காமல் சீட்டு எடுக்கக் கூடாது.

பெட்டியில் வீட்டு மருந்துகளை அள்ளிப் போகாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாட்டில் குவிந்த மருந்துகளில் யாரும் கேட்காதவை எவ்வளவு! பட்டியல் அனுப்பி, அவர்கள் கேட்டதை மட்டும் கொண்டுபோங்கள்.

மட்டக்களப்பார், அம்பாறையார் ஒரு விசயத்தில் முன்னால் நிற்பார்கள். மேற்கு ஆபிரிக்காவின் செனகலிலும் கினியிலும் நோயாளரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். காத்தான்குடி, கல்முனை நோயாளரைப் பார்த்தவருக்கு, நோன்பு காலத்தில் குளிசையை ஸஹருக்கும் (விடியுமுன் சாப்பாடு) இஃப்தாருக்கும் (நோன்பு திறப்பு) மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேட்க யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளரோடு கதைக்கும்போது சின்ன வசனமாகச் சொல்லுங்கள். முகத்தை நோயாளி பக்கம் வையுங்கள். “விளங்கிச்சா?” என்று கேட்டால் எந்த நாட்டிலும் “ஓம்” என்றுதான் பதில் வரும். அதனால் எத்தனை குளிசை, எப்போது என்று அவரையே திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். ஜெபிப்பவர் ஜெபிக்கட்டும், ஆனால் சிகிச்சைக்கு அது கட்டணம் போல ஆகிவிடக் கூடாது.

கடைசியாக மலேரியா. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. கிருமி போனது, அதைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு போகவில்லை. மலேரியாத் தடை இயக்கம் பயணிகளுக்குத் தடுப்புக் குளிசை இலவசமாகக் கொடுக்கிறது. மெஃப்லோகுவின் என்றால் கிழமைக்கு ஒன்று, குறைந்தது இரண்டு கிழமை முந்தித் தொடங்கி, திரும்பிய பிறகும் நான்கு கிழமை போட வேண்டும். டொக்சிசைக்ளின் தினமும் 100 மில்லிகிராம். அதுவும் திரும்பி நான்கு கிழமை. அங்கே ஒழுங்காகப் போட்டவர்களும் வீட்டுச் சோறு கண்டதும் விடுவது இந்த நான்கு கிழமையைத்தான். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமி இரத்தத்துக்கு வரும்போது மருந்து இருக்காது. வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றால், நம் ஆஸ்பத்திரியில் முதலில் டெங்கைத்தான் நினைப்பார்கள். ஊசி குத்துமுன் நீங்களே சொல்லுங்கள்: “ஆபிரிக்காவில் இருந்து வந்தனான், மலேரியாவுக்கும் இரத்தம் பாருங்கோ.”